முதுகுக்கு வைத்த வெளிச்சம்

மார்ச் 2

என் வீட்டுக்காரருக்கு,

நேற்றிலிருந்து ஓயாமல் போன் அடிக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் நீங்களாகப் பேசுவதே கிடையாது. மாட்டிக்கொண்டால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு நடிகர் நடைமன்னன் குரலில், "கண்மணி, தவறு செய்யாதவன் மனிதனே இல்லை" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். நானும் அந்தக் குரலுக்கு முப்பத்தொரு வருஷமாக உருகி உருகி, மிச்சம் இருப்பது திரிதான். ஆகவே இனிமேல் கடிதம். கடிதத்தில் குரல் கிடையாது.

நடந்ததை எழுதிவைக்கிறேன், நாளைக்கு நீங்கள் வேறு கதை சொல்லாமல் இருக்க. நம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் முதலில் வந்துவிட்டேன், நீங்கள் சாயங்கால ரயிலில் வருவதாகப் பேச்சு. வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்தோடு ஸ்டேஷனுக்குப் போனீர்கள். பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். தூங்கினீர்கள். ரயில் வந்தது, நின்றது, ஊதியது, போனது. அதையாவது சொல்லியிருக்கலாம். "கடமை அழைக்கிறது கண்மணி, ஷூட்டிங்கை விட்டு வரமுடியவில்லை" என்றீர்கள். அதை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாப்பிள்ளையிடம் சொல்லி முடிக்கவில்லை, நம் மாடி வீட்டு டெய்லர் குழந்தையைப் பார்க்க வந்து நிற்கிறார். அதே ரயிலில் வந்தாராம். "அக்கா, அண்ணன் பிளாட்பாரத்துல அசந்து தூங்கிட்டிருந்தாரு. எழுப்ப மனசு வரல" என்கிறார். மாப்பிள்ளை என் முன்னால் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நார் தூங்கினால் பூ என்ன செய்யும்? எழுபத்து நாலு வயதில் அந்த நடைமன்னன் விடிந்ததும் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறார். அவருடைய சட்டையை இத்தனை வருஷம் மாட்டியும் சட்டையின் அழுக்குத்தான் உங்களிடம் ஒட்டியது.

அவருடைய புதுப் படம் இந்த வாரம் தொடங்குகிறது அல்லவா? அது முடியும்வரை ஒரு நாள்கூடத் தாமதம், தூக்கம், பொய் இல்லாமல் வேலை பாருங்கள். பிறகு வந்து பேத்தியைப் பாருங்கள். அதுவரை போட்டோகூட அனுப்ப மாட்டேன். பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிய கடிதங்களைக் கரைத்துக் குடித்தவள் நான். பொய் வரும் இடத்தில் உங்கள் எழுத்து வலப்பக்கம் சாயும்.

உங்கள் மனைவி (இப்போதைக்கு)


மார்ச் 6

மகாராணியின் சமூகத்துக்கு,

இங்கே நான் நலம். நீயும் நலம் என்பது கடிதத்தின் சூட்டிலேயே தெரிகிறது.

டெய்லருக்கு எழுப்ப மனசு வரவில்லை, போட்டுக்கொடுக்க மட்டும் மனசு வந்ததா? திரும்பி வரட்டும், என் பேண்டை அவரிடம் இனி தைக்கக் கொடுக்க மாட்டேன்.

உன் நடைமன்னனைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறாயே, என் பிழைப்பில் மண் போடுவதே அவர்தான், தெரியுமா? நான் அவருக்கு முதுகு. யூனிட்டில் என் பெயரே முதுகு. "முதுகு சாப்டாச்சா? முதுகு எங்க போச்சு?" கேமரா பின்னாலிருந்து பார்க்கும்போது நிற்பது நான். லைட் சரிபார்க்க அவருக்குப் பதில் நிற்பது நான். அவர் கேரவனில் படுத்திருக்க, நான் வெயிலில் நிற்க, இப்படித்தான் உலகத்தில் எல்லா நட்சத்திரங்களும் முதுகுகளும் வாழ்கிறார்கள். இவர் என்னடாவென்றால் லைட்டுக்கும் அவரே வந்து நிற்கிறார்! பின்பக்க ஷாட்டுக்கும் அவரேதான். "முதுகும் நடிக்கணும்யா" என்கிறாராம். அப்புறம் எனக்கு என்ன வேலை? உதவி இயக்குநர் ஒருவன், கழுத்தில் விசில் கட்டிக்கொண்டு திரிகிறவன், "அண்ணே, நீங்க சும்மா உக்காருங்க, பெரியவரே நின்னுக்கறாராம்" என்கிறான். வேலையே உட்காருவதாக இருந்தால் தூக்கம் வருமா வராதா, நீயே சொல்.

இந்தப் படத்தில் அவர் வாட்ச்மேன். மூடிக் கிடக்கும் பழைய பட்டன் தொழிற்சாலையில்தான் ஷூட்டிங். காக்கிக் கோட்டு, தொப்பி, பூட்ஸ். எனக்கும் அதே கோட்டு, அதே தொப்பி. வாசலில் நிஜ வாட்ச்மேன் வேறு இருக்கிறார். முதல் நாள் சாப்பாட்டுக்காரர் மூன்று பேருக்கும் சேர்த்து "எந்த வாட்ச்மேனுக்கு சார் உப்பு கம்மி?" என்று கேட்டார்.

ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள். உழைப்பு, ஒழுக்கம் என்பதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் வரும்போது போட்டுக்கொள்ளும் கோட்டு. எழுபத்து நாலு வயதில் எந்த மனுஷனும் அப்படி இருக்க முடியாது. எங்கேயாவது ஒளிந்து தூங்கத்தான் செய்வார். கண்டுபிடித்து உனக்கு எழுதுகிறேன். அப்போது தெரியும், நானும் அவரும் முதுகில் மட்டும் ஒன்று அல்ல என்று.

பேத்தி யார் ஜாடை?

முதுகு


மார்ச் 11

முதுகுக்கு,

பேத்தி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், எழுப்பினால் அழுகிறாள். யார் ஜாடை என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இங்கே லிஃப்ட் கெட்டுப்போய்விட்டது. மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். பாதிப் படியில் மூச்சு வாங்கும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன், உங்களை அல்ல.

நான் உங்களை முதலில் எங்கே பார்த்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? தியேட்டர் டிக்கெட் வரிசையில். அவர் படம். எனக்கு முன்னால் ஒரு முதுகு நின்றது. ஐயோ, அவரே தன் படத்துக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிறாரே, என்ன எளிமை என்று என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் நீங்கள் திரும்பினீர்கள். அதற்குள் மனசு போய்விட்டது. போன மனசைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

ஆகவே அவரிடம் குற்றம் கண்டுபிடிக்கிற வேலையை விட்டுவிட்டு நேரத்தோடு எழுந்திருங்கள். அவர் ஒளிந்து தூங்குகிறாராம்! தான் திருடன் என்றால் ஊரெல்லாம் திருடன்.

இவள்


மார்ச் 16

அன்புள்ளவளுக்கு,

துப்பறிந்தேன். சொன்னால் சிரிக்கக் கூடாது.

மத்தியான இடைவேளையில் பெரியவர் தினமும் கேரவனுக்குப் போவதில்லை, தொழிற்சாலைக்குப் பின்பக்கம் தனியாகப் போகிறார் என்று கவனித்தேன். மாட்டினார் என்று பூனை மாதிரிப் பின்னால் போனேன். அங்கே உடைந்த கேட் ஒன்று கிடக்கிறது. அதன் முன்னால் நின்று பூட்டைப் பூட்டுகிறார், திறக்கிறார், மறுபடி பூட்டுகிறார். இடது கையால். அந்த வாட்ச்மேன் இடது கைக்காரனாம். கதையில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது, அவராக முடிவு பண்ணியிருக்கிறார். சாவி கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றார். யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரைப் பிடிக்கப் போய், நான் பட்டாசு திருடப் போன பையன் மாதிரிக் குந்திக்கொண்டிருந்தேன்.

சரி, அதை விடு. நேற்று ஒரு நீளமான வசனம். கேட்டுக்கு உள்ளே அவர், வெளியே அவருக்கு மகளாக நடிக்கும் புதுப்பெண். பெரியவருக்கு ஒரு வரி மட்டும் வரவே இல்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் நிற்கிறார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. டைரக்டர் சின்னப் பையன், பயபக்தியோடு வந்து, "சார், வரலேன்னா ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லுங்க. டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார். எல்லாரும் செய்வதுதானே! பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எதிர்ல நிக்கற பொண்ணு அழணும் தம்பி. நான் பதினேழுன்னு சொன்னா அது எப்படி அழும்?"

அப்புறம் யூனிட் முழுவதையும் பார்த்து, "உங்க எல்லார் நேரத்தையும் வீணாக்கறேன், மன்னிச்சுக்கங்க" என்று கைகூப்பிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். வந்துவிட்டது. அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அடுத்து அந்தப் பெண்ணுக்கு மட்டும் குளோசப். இவர் கேமராவில் தெரியப்போவதே இல்லை. வீட்டுக்குப் போகலாம். போகாமல் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, படத்தில் தெரியாத கண்ணில் தண்ணீரோடு, முழு வசனத்தையும் அவளுக்காகச் சொன்னார். அவள் அழுத அழுகையில் விசில்காரனே மூக்கைச் சிந்தினான். நான் அழவில்லை. தூசி.

இதெல்லாம் நடிப்பாகவும் இருக்கலாம். தொடர்ந்து கவனித்து வருகிறேன்.

முதுகு


மார்ச் 20

உங்களுக்கு,

கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "தூசி" என்ற இடத்தில் மட்டும் எழுத்து சாய்ந்திருக்கிறது.

அவர் பூட்டினார், அவர் அழுதார், அவர் நின்றார் எல்லாம் சரி. நீங்கள் என்ன செய்தீர்கள்? நாலு பக்கத்தில் உங்களைப் பற்றி ஒளிந்தேன், குந்தினேன் என்றுதான் இருக்கிறது. அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்திரிகை போதும். எனக்கு என் கணவர் எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டும்.

உண்மையைச் சொன்னால், உங்களை அடிக்க அவர் ஒரு கம்பு என்று வைத்துக்கொண்டேனே, எனக்கும் கை வலிக்கிறது. மகள் நேற்றுக் கேட்டாள்: "ஏம்மா, அப்பா அவர் மாதிரி ஆயிட்டா உனக்கு நிஜமா பிடிக்குமா? விடிகாலைல எழுப்பிவிடுவாரே!" துணி மடிக்கப் போய்விட்டேன்.

குழந்தை இன்று சிரித்தாள். வயிற்றுவலி என்கிறார் மாப்பிள்ளை. சிரிப்புத்தான், எனக்குத் தெரியாதா?

இவள்


மார்ச் 25

அன்புள்ளவளுக்கு,

நான் என்ன செய்தேன் என்று கேட்டாய். நின்றேன். கேலி வேண்டாம், முழுவதும் படி.

பெரியவரின் முட்டி வீங்கிவிட்டது. பூட்ஸைக் கழற்றும்போது பார்த்தேன், தேங்காய் அளவு. "ரெண்டு நாள் லீவு விட்டுடலாம் சார்" என்றார் டைரக்டர். "தினக்கூலிக்கு வந்திருக்கறவங்க என் முட்டிக்காக ஏன் வீட்ல உக்காரணும்?" என்று மறுத்துவிட்டார். அப்புறம் என்னிடம் வந்தார். இத்தனை வருஷத்தில் அவராக என்னிடம் வந்தது முதல்முறை. "எனக்காக லைட்டுக்கு நிக்கறீங்களா?" என்றார். உத்தரவாக அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்பது மாதிரி. நான் தலையை ஆட்டினேன். "ஒண்ணே ஒண்ணு" என்றார். "நீங்க கூன் போட்டு நின்னா கூனனுக்குத்தான் லைட் வைப்பாங்க. அப்புறம் நான் அந்தக் கூன்ல வந்து நிக்கணும். அதனால நிக்கறதுன்னா நிக்கணும். 'ஓகே' சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது."

இதில் என்ன இருக்கிறது என்றுதான் போய் நின்றேன். முதல் நாள் டீ வந்தது, திரும்பினேன். எவனோ தும்மினான், திரும்பினேன். என் பெயரைக் கூப்பிட்டது மாதிரி இருந்தது, திரும்பினேன். கேமராமேன் தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, எனக்குப் பதிலாக நிற்கத் தயாரானார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. வசவு வாங்குவது எனக்குப் பழக்கம், அதைத் துடைத்துவிட்டுப் போவேன். இதை எங்கே துடைப்பது? "சார், நீங்க உக்காருங்க. நான் நிக்கறேன்" என்று சொன்னேன். அன்றிலிருந்து நிற்கிறேன். கொசு கடித்தாலும் நிற்கிறேன். நேற்று என் காலுக்கடியில் நாய் வந்து படுத்தது, தூண் என்று நினைத்துவிட்டது போல.

அவர் இப்போது லைட் பார்க்கும் நேரத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்காருகிறார். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு வசனம் முணுமுணுக்கிறார். அந்த உட்காருதலைச் சம்பாதித்துக் கொடுத்தது நான். வாழ்க்கையில் நான் சம்பாதித்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

முதுகு


மார்ச் 29

உங்களுக்கு,

கதை நன்றாக இருக்கிறது. நாய் வந்து படுத்த இடத்தில் எனக்கே நம்பிவிடலாம் போல இருந்தது.

ஆனால் "நிற்கிறேன்" என்று எழுதிய இடமெல்லாம் எழுத்து சாய்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், மகளிடம் காட்டினேன், மாப்பிள்ளையிடம்கூடக் காட்டினேன். அவர் "நேரா இருக்கற மாதிரியும் இருக்கு அத்தை" என்கிறார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்.

முப்பத்தொரு வருஷம் ஏமாந்த கண்ணுக்குத் தாளைப் பார்த்து நம்ப முடியவில்லை. நேரில் பார்த்தால்தான் நம்புவேன்.

எனக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டிய வேலை இருக்கிறது. அடுத்த கடிதம் தாமதமாகலாம்.

இவள்


ஏப்ரல் 3

அன்புள்ளவளுக்கு,

என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான்.

எந்த ஊர்ப் பைத்தியக்காரியோ தெரியவில்லை, ஒருத்தி நேற்று ஷூட்டிங்கில் புகுந்துவிட்டாள். நான் கேட் அருகே லைட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். பெரியவர் எனக்குப் பின்னால் தூரத்தில் நாற்காலியில். திடீரென்று ஒரே கூச்சல். ஒரு பொம்பளைக் குரல். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் என்ன பேசுகிறாள் என்று புரியவில்லை, தாளம் மட்டும் கேட்டது. நல்ல பழக்கப்பட்ட வாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாகத் துடித்தது கழுத்து, ஆனால் திரும்பவில்லை. "ஓகே" சொல்லித் திரும்பியபோது அவள் ஓடிவிட்டாள். பச்சைக் குடையாம்.

விசில்காரன் ஓடிப்போய், "யார் சார் அது? போலீஸ்ல சொல்லலாமா?" என்றானாம். பெரியவர், "வேணாம். எனக்கு வேண்டியவங்கதான். சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல" என்றாராம்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்? இன்று காலை வந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம். எடுத்துவிடச் சொல்லிவிட்டார்! டைரக்டர் கெஞ்சினார். "தம்பி, இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நான் உக்காந்திருக்கறதைப் பாத்த உடனே ஒரு அம்மாவுக்குப் பொறுக்கல. டிக்கெட் வாங்கிப் பாக்கறவங்களும் அவங்க மாதிரிதான். வாட்ச்மேன்னா முழிச்சுக்கிட்டு நிக்கணும்" என்கிறார். லைட்டுக்கும் மறுபடி அவரே நிற்கிறார். அந்த முட்டியோடு! நான் பக்கத்தில் போனால் புன்னகையோடு கையைக் காட்டி நிறுத்திவிடுகிறார். நடுநடுவே கோட்டுப் பையிலிருந்து ஏதோ ஒரு சின்ன அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். மாத்திரைச் சீட்டாக இருக்கும்.

நான் பழையபடி சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இப்போது உட்காரவே பிடிக்கவில்லை, அதுதான் கொடுமை. அந்தப் பச்சைக் குடை மட்டும் என் கையில் சிக்கினால்!

முதுகு


ஏப்ரல் 6

என்னங்க,

பச்சைக் குடை என்னுடையது.

உடனே கடிதத்தைக் கீழே போட வேண்டாம். உட்கார்ந்து படியுங்கள். இல்லை, உங்களுக்குப் பிடித்தபடி நின்றே படியுங்கள்.

கண் டாக்டர் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தேன். பேத்தியின் போட்டோவை எடுத்துக்கொண்டேன். நீங்கள் நின்றால் போட்டோ, உட்கார்ந்திருந்தால் வசவு என்று வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டே வந்தேன். வாசல் வாட்ச்மேனைப் பார்த்ததும் நீங்கள்தான் என்று கையைப் பிடித்துவிட்டேன். அவர் பயந்துபோய் என்னை உள்ளே விட்டுவிட்டார்.

உள்ளே இரண்டு காக்கிக் கோட்டு, இரண்டும் முதுகு காட்டிக்கொண்டு. ஒன்று கேட் அருகே வெயிலில் நிற்கிறது. என்ன நிற்பு! தோள் நேராக, கழுத்து அசையாமல், சுற்றிலும் ஆள் ஓடுகிறது, சாமான் விழுகிறது, அது திரும்பவே இல்லை. எனக்கு அந்த டிக்கெட் வரிசை ஞாபகம் வந்தது. இன்னொன்று நாற்காலியில். கால் நீட்டி, தொப்பி கவிழ்த்து, தலை சாய்ந்து. நம் வீட்டில் நான் தினமும் பார்க்கும் காட்சி.

போய்ப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். "நாய் வந்து படுத்துச்சா? எந்த நாய்? அதுக்குக்கூட வெக்கமா இருக்குமே! முப்பத்தொரு வருஷமா தூங்கறீங்க. பால்காரன் வந்தா தூக்கம், பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல தூக்கம், பேத்தி பொறந்தப்ப பிளாட்பாரத்துல தூக்கம்! அங்க பாருங்க அந்த மனுஷரை! இந்த வயசுல எப்படி நிக்கறாரு! அவர் கால் தூசிக்கு வருவீங்களா? இந்தப் பிஞ்சு மூஞ்சியைப் பாத்தாவது திருந்துங்க!" என்று போட்டோவை அந்தக் கையில் திணித்தேன்.

தொப்பி மெல்ல நிமிர்ந்தது. முகம் திரும்பியது.

பூமி பிளந்திருந்தால் குடையோடு உள்ளே போயிருப்பேன். சின்ன வயசிலிருந்து எந்த முகத்தைச் சுவரில் ஒட்டி வைத்தேனோ அதே முகம், நான் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. எழுந்து நின்றார். முட்டி வலி முகத்தில் தெரிந்தது, அப்படியும் எழுந்தார். கைகூப்பி, "நீங்க சொல்றது சரிம்மா. அவரைப் பாத்துத்தான் நானும் கத்துக்கணும்" என்றார். நான் ஓடிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இது அவர் என்றால், அங்கே நின்றது யார்?

நீங்கள்தான் என்று மனசு சொன்னாலும் நம்பவில்லை. என் புருஷனாக இருந்தால் நான் போட்ட கூச்சலுக்குத் திரும்பியிருப்பாரே! உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. கழுத்து துடித்தது, திரும்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

உங்களைத் திட்ட அவரைக் காட்டுவது என் வழக்கம். அன்றைக்கு அவரைத் திட்ட உங்களைக் காட்டிவிட்டேன். முதல்முறை உங்கள் முதுகைப் பார்த்து மயங்கியபோது அவர் என்று நினைத்தேன். இந்த முறையும் அவர் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த முறை உங்களிடம் மயங்கியது வீண் போகவில்லை.

அழ நேரமில்லை. அந்தப் பெரிய மனுஷர் என் வாயால் முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார். உடனே போய் உண்மையைச் சொல்லுங்கள். காலில் விழச் சொன்னால் நான் வந்து விழுகிறேன். அவரை உட்காரவையுங்கள்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 10

என் பைத்தியக்காரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நல்ல வசனமாக, அவர் குரலிலேயே சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் காலையில் அவர் எதிரில் நின்றதும் என் சொந்தக் குரல்தான் வந்தது, அதுவும் பாதி. "சார், பச்சைக் குடை என் வீட்டுக்காரி. அந்தத் திட்டு எனக்கு வந்தது சார். தப்பா உங்ககிட்ட போயிடுச்சு. என் திட்டை எனக்குக் குடுத்துடுங்க. நீங்க உக்காருங்க" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தார் பார். முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தெரியும்யா. பிளாட்பாரத்துல தூங்கினது நான் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "அப்புறம் ஏன் சார் சொல்லல?" என்று கேட்டேன். "புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் டப்பிங் பேசலாமா? அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சார் நாற்காலியை எடுத்தீங்க?" என்றேன். "திட்டு உங்களுக்குத்தான். ஆனா உக்காந்திருந்தது நான்தானே? நாப்பது வருஷமா என்னை யாரும் திட்டினதில்ல. தூக்கிப் போட மனசு வரல" என்றார். நான் விடவில்லை. "சார், நீங்க நின்னா எனக்கு வேலை இல்ல. எனக்கு வேலை இல்லேன்னா பேத்தி இல்ல" என்று சொல்லிவிட்டேன். உடனே அவரே விசில்காரனைக் கூப்பிட்டு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

உட்கார்ந்ததும் கோட்டுப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். மாத்திரைச் சீட்டு இல்லை. "இது உங்களுக்கு வந்தது. டெலிவரி மாறிடுச்சு" என்று கொடுத்தார். என்ன முகம்! என்ன மூக்கு! கண்ணை மூடித் தூங்குகிறாளே, அந்த அழகை என்னவென்று சொல்வது. தூசி என்று இந்த முறை எழுத மாட்டேன்.

நேற்று கடைசி ஷாட். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டு, முதுகு காட்டி நடந்து போகிறான், அவ்வளவுதான். காலையிலிருந்து கேமராமேன் வெளிச்சத்தை வைத்து வைத்துப் பார்த்தார், நான் நின்றேன். எல்லாம் சரியான பிறகு பெரியவர் எழுந்து வந்து, நான் நின்ற இடத்தில் நின்றார். இடது கையால் பூட்டினார். நடந்தார். அந்த வீங்கிய முட்டியோடு, அந்த நடை. ஒரே டேக். "கட்" என்ற பிறகுதான் நொண்டினார். நான் ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன்.

அவர் நடந்தது என் முதுகுக்கு வைத்த வெளிச்சத்தில். தியேட்டரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. உனக்குத் தெரிந்தால் போதும்.

படம் முடிந்துவிட்டது. ஒரு நாளும் தாமதம் இல்லை. நான் வரலாமா?

முதுகு


ஏப்ரல் 13

வாங்க. சாயங்கால ரயில். டெய்லரைத் துணைக்கு அனுப்பட்டுமா?

அந்தக் குரலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பேத்திக்குத் தாத்தா குரல்தான் பழக வேண்டும்.


ஏப்ரல் 17

அன்புள்ளவளுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கையில் கொண்டுவந்து கொடுக்கிறேன். எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ரயில் வர இன்னும் ரொம்ப நேரம் இருக்கிறது. அதே பிளாட்பாரம். அதே பெஞ்ச், காலியாக, நல்ல நிழலில், இப்போதுதான் யாரோ துடைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. டீக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உக்காருங்க சார், ரயில் வந்தா நான் எழுப்பறேன்" என்றார். நல்ல மனுஷர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நின்றுகொண்டுதான் இருக்கிறேன். தாளைத் தூணில் வைத்து எழுதுகிறேன். அதனால் எழுத்து எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். பொய் என்று நினைத்துவிடாதே.